ஆறு டாலர் கோட்டேஷன் உண்மையில் எத்தனை டாலர்? வெளிநாட்டு ஒப்பந்த உற்பத்திச் சேவை: ஒரு மதிப்பீடு

வரைபடத்தை நீங்கள் கொடுத்தால் போதும். அச்சு வெட்டுவது, பிளாஸ்டிக் வார்ப்பது, சர்க்யூட் போர்டைப் பொருத்துவது, பாகங்களை ஒன்றாகப் பூட்டுவது, பெட்டியில் அடைப்பது, துறைமுகம் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றுவது என எல்லாவற்றையும் வேறொரு நாட்டுத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். ஒப்பந்த உற்பத்தி என்ற பெயரில் விற்கப்படும் சேவை இதுதான். பெரிய நிறுவனங்கள் உற்பத்தியை ஏன் கடல் கடந்து கொண்டுபோகின்றன என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் அனுப்பிப் பார்க்கலாமா என்று கணக்குப் போடும் சிறு நிறுவனங்களும் உண்டு. இருவருமே பார்க்க வேண்டியது, கொடுக்கிற காசுக்கு இந்தச் சேவையில் கைக்கு வருவது என்ன என்பதைத்தான்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் ஒரே பொருள், வடிவமைப்பில் இனி மாற்றம் இல்லை, வரைபடத்தைப் படித்துச் சண்டை போடத் தெரிந்த சொந்தப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார் என்றால் ஐந்துக்கு நான்கு. ஆர்டருக்கு ஐயாயிரம் என்றால் மூன்று. ஆயிரம் என்றால் ஒன்றரை; அந்த அரை மதிப்பெண்கூட அச்சு வெட்டும் வேகத்துக்காகத்தான். கூலி குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறவர்களுக்குத்தான் இந்தச் சேவை அதிகம் கையைச் சுடும்.

கூலி மட்டும்தானா?

யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் கூலி. தையலுக்கு அது சரி. துணி நெளியும், வழுக்கும், இழுபடும். சட்டையின் காலரையும் கையையும் இன்றும் மனிதக் கைதான் ஊசிக்கடியில் நகர்த்துகிறது. அதனால் ஆடைத் தொழில் கூலியைத் தேடி நாடு நாடாக நகர்ந்தது. அங்கேயும் கூலி மட்டும் காரணமாக இருக்கவில்லை. 2004 இறுதி வரை ஜவுளி ஏற்றுமதிக்கு நாடுவாரியாகக் கோட்டா இருந்தது. ஒரு நாட்டின் கோட்டா தீர்ந்தால், கோட்டா மிச்சம் இருக்கும் நாட்டில் போய்த் தையல் இயந்திரங்களை இறக்கினார்கள்.

மின்னணுப் பொருட்களில் கணக்கு வேறு. ஐபோன் 3ஜி ஒன்றின் உற்பத்திச் செலவு 178.96 டாலர் என்று ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதில் சீனாவில் பூட்டும் வேலைக்குப் போனது 6.50 டாலர். நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்தக் கூலி இரண்டு மடங்கானாலும் கடை விலை பெரிதாக அசைந்திருக்காது. பிறகு ஏன் அங்கே போனார்கள்? பாகங்கள் அங்கே இருந்தன. இணைப்பான், ஸ்பிரிங், ஒட்டு நாடா, அச்சிட்ட அட்டைப்பெட்டி, அச்சு வெட்டுபவர், முலாம் பூசுபவர் எல்லோரும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில். 1980-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஷென்சென்னைச் சுற்றி வளர்ந்தது இந்தக் கூட்டம்தான்.

இந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஸ்க்ரூ சாட்சி. ஆப்பிள் தன் மேக் ப்ரோ கணினியை அமெரிக்காவின் டெக்சாஸில் பூட்ட முனைந்தபோது, அதற்கென வடிவமைத்த சிறு ஸ்க்ரூ போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2019-ல் எழுதியது. நம்பியிருந்த பட்டறையால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1,000 ஸ்க்ரூதான் தர முடிந்ததாம். விலை விவகாரம் அப்புறம், பொருளே இல்லை.

இன்னொரு சாட்சி அடிடாஸ். ரோபோக்களை வைத்துக் காலணி செய்ய ஜெர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் இரண்டு தொழிற்சாலைகள் திறந்தது. கூலியைச் சுருக்கிவிட்டால் உற்பத்தி வீடு திரும்பும் என்ற நம்பிக்கை அது. 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசியாவில் உள்ள தன் சப்ளையர்களிடம் கொண்டுபோனது.

கப்பல் கட்டணமும் ஒத்துழைத்தது. 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் போனதிலிருந்து, சரக்கைக் கையால் தூக்கி அடுக்கும் செலவு கரையத் தொடங்கியது. 1963-ல் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் ஹாங்காங்கில் டிரான்சிஸ்டர் பூட்ட ஆரம்பித்தது. 1965-ல் மெக்சிகோ தன் வட எல்லையில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வழி திறந்தது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. வரி, விற்கும் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பது, நாணய மதிப்பு எல்லாம் இதற்கு மேல் வருபவை. 2018-ல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குக் கூடுதல் வரி போட்டதும் வியட்நாமுக்கும் மெக்சிகோவுக்கும் பூட்டும் வேலை நகர்ந்தது. ஆனால் பூட்டுவதற்கான பாகங்களில் கணிசமான பகுதி இன்னும் சீனாவிலிருந்துதான் அங்கே போகிறது. சப்ளையர் கூட்டத்தைப் பெட்டியில் போட்டு நகர்த்த முடியாது.

கணக்கு

கோட்டேஷனில் தெரியும் விலைக்கும், பொருள் உங்கள் கிடங்கில் இறங்கும்போது ஆகியிருக்கும் விலைக்கும் நடுவில்தான் பலர் விழுகிறார்கள். கணக்குக்காக ஒரு எல்.இ.டி. மேசை விளக்கை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டப் போட்டவை. சொந்த நாட்டு ஒப்பந்தக்காரர் கேட்பது 9.50 டாலர். வெளிநாட்டுத் தொழிற்சாலையின் எஃப்.ஓ.பி. விலை, அதாவது கப்பலில் ஏற்றித் தரும் வரைக்குமான விலை, 6.00. ஆர்டர் 5,000. வித்தியாசம் 3.50. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

இனி கூட்டுங்கள். கப்பல், இரு துறைமுகச் செலவு, லாரி சேர்த்து 4,000 டாலர் என்றால் ஒரு விளக்குக்கு 0.80. இறக்குமதி வரி பத்து சதவீதம் என்றால் 0.60, சில நாடுகள் கப்பல் கட்டணத்தையும் சேர்த்த மதிப்புக்கு வரி போடும், அங்கே இன்னும் கொஞ்சம் ஏறும். காப்பீடு 0.03. பரிசோதகர் கட்டணமும் ஆய்வகச் சோதனையும் 1,500 டாலர், அதாவது 0.30. அச்சுக்கு 12,000 டாலர். 20,000 விளக்குகளுக்குப் பகிர்ந்தால் 0.60. முன்பணமும் கடலில் மிதக்கும் சரக்கும் முடக்கும் பணத்துக்கு வட்டி 0.18. திருப்பி அனுப்ப முடியாத பழுதான விளக்குகள் நூற்றுக்கு இரண்டு என்றால் 0.16. பொறியாளர் ஒருமுறை போய்வர 3,000 டாலர், அது 0.60. மொத்தம் 9.27.

சொந்த நாட்டிலும் அச்சு வேண்டும். அங்கே 20,000 டாலர் ஆகும் என்று வைத்தால் 10.50. மிச்சம் 1.23 டாலர். மோசமில்லை, ஆனால் 3.50 இல்லை. இதே கணக்கை 1,000 விளக்குக்குப் போட்டால் பயணச் செலவு மட்டும் ஒரு விளக்குக்கு 3.00, பரிசோதனை 1.50. மிச்சம் என்று நினைத்த மூன்றரை டாலர் இந்த இரண்டிலேயே போய், மேலே ஒரு டாலர் கைநட்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சிறு ஆர்டர்களுக்கு அப்படியே பொருந்தும்.

பத்து மடங்கு ஆர்டர் கொடுக்கும் நிறுவனத்துக்கு இதே பயணம் ஆறு சென்ட். அச்சுச் செலவு கண்ணுக்கே தெரியாது. பெரியவர்கள் போவதற்கும் சிறியவர்கள் போய் அடிபடுவதற்கும் காரணம் இந்த வகுத்தல்தான்.

கோட்டேஷன்: ஐந்துக்கு இரண்டரை

வேகமாக வரும், அழகாக இருக்கும், பாதி விஷயம் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது விலைக்குப் பக்கத்தில் உள்ள மூன்றெழுத்து. எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் தொழிற்சாலை வாசலோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. அந்த நாட்டு லாரி, ஏற்றுமதி ஆவணம் எல்லாம் உங்கள் தலையில். எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏறும் வரை அவர்கள் பொறுப்பு. பழக்கமில்லாதவர்களுக்கு எஃப்.ஓ.பி. போதும். வீட்டு வாசல் வரை வரியோடு கொண்டுவந்து தருகிறோம் என்னும் டி.டி.பி. சுகமாகத் தெரியும், ஆனால் இறக்குமதியாளராகச் சுங்கத்தில் யார் பெயர் போகிறது, பொருளின் மதிப்பை எவ்வளவு குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே நடக்கும். மாட்டினால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் உங்கள் விலாசத்துக்குத்தான்.

அடுத்தது மூலப்பொருள். பிளாஸ்டிக் வகையை ஏ.பி.எஸ். என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த ஏ.பி.எஸ். வேண்டுமானாலும் ஆகலாம். தயாரிப்பாளர் பெயர், கிரேடு எண், மறுஅரைத்த பிளாஸ்டிக் எத்தனை சதவீதம் வரை கலக்கலாம் என்ற மூன்றும் எழுத்தில் வேண்டும். மறுஅரைவை கூடினால் பாகம் நொறுங்கும். முதலில் வெடிப்பது ஸ்க்ரூ இறங்கும் குழலின் விளிம்பு. அதுவும் தொழிற்சாலையில் வெடிக்காது, வாங்கியவர் வீட்டில் இரண்டாவது மாதத்தில் வெடிக்கும்.

மின்பாகங்களில் நடக்கும் மாற்றம் இன்னும் நுணுக்கமானது. விளக்கின் அடாப்டரைத் திறந்தால் சிறு உருளை போல ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் நிற்கும். அதன் உறையில், தாங்கும் வெப்பம் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்க வேண்டும். மூன்றாவது ஆர்டரில் அது 85 ஆகியிருக்கும். அதே அளவு, அதே நிறம், சோதனை மேசையில் அதே வெளிச்சம். ஆனால் இந்த வகைக் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி கூடும்போது ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. இருபது டிகிரி குறைந்த பாகத்தைப் போட்டால் ஆயுள் கால்வாசி. தொழிற்சாலைக்கு மிச்சம் சில சென்ட். முதல் ஆர்டர் நன்றாக இருக்கும், மூன்றாவது ஆர்டரில் வாடிக்கையாளர் திட்டத் தொடங்குவார் என்பதன் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒன்றுதான் இருக்கும். பாகப் பட்டியலில் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் எழுதி, எழுத்துமூல அனுமதியின்றி மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பது ஒரு வழி. ஒவ்வொரு சரக்கிலும் இரண்டு விளக்கை உடைத்துப் பார்ப்பது இன்னும் நல்ல வழி.

அச்சு: ஐந்துக்கு நான்கரை

இந்தச் சேவையின் உண்மையான பலம் இங்கேதான். முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நாளில் ஊசி வார்ப்பு அச்சு வெட்டி முதல் மாதிரியைக் கையில் கொடுக்கிறார்கள். டி-1 என்று சொல்லப்படும் அந்த முதல் மாதிரி சரியாக வராது. வரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அதைப் பார்த்துத் திருத்தம் எழுதத் தெரிந்தவருக்கு இந்தச் சேவை தங்கம். தெரியாதவர் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு, பிறகு ஐயாயிரம் விளக்கிலும் அதே குறையைப் பார்ப்பார்.

டி-1-ல் என்ன பார்ப்பது? முதலில் பாகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிப்பரப்பில் லேசான பள்ளங்கள் தெரிந்தால், பின்பக்கம் அந்த இடத்தில், சுவருக்குப் பலம் தர விலா எலும்பு போல வைத்த தடித்த மேடு இருக்கும். விலாவின் தடிமன் சுவரின் தடிமனில் ஐம்பது அறுபது சதவீதத்தைத் தாண்டினால் பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளிழுத்துப் பள்ளம் விழும். இது வடிவமைப்பின் தவறு, தொழிற்சாலையைத் திட்டிப் பயனில்லை. இரண்டு பாதி அச்சு சேரும் கோட்டில் மெல்லிய ஜவ்வு போல பிளாஸ்டிக் கசிந்திருந்தால் அச்சு சரியாகப் பொருந்தவில்லை; இது அவர்கள் தவறு. மேற்பரப்பில் வெள்ளிக் கீற்றுகள் ஓடினால் பிளாஸ்டிக் மணிகளைச் சரியாக உலர்த்தவில்லை; ஏ.பி.எஸ். என்றால் 80 டிகிரி செல்சியஸில் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். அவசர ஆர்டரில் முதலில் வெட்டுப்படுவது இந்த நேரம்தான்.

பிளாஸ்டிக்கை மாற்றினால் அளவும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏ.பி.எஸ். ஆறும்போது ஏறத்தாழ 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கூட்டித்தான் அச்சை வெட்டுவார்கள். விலை குறைகிறதே என்று அதே அச்சில் பாலிபுரொப்பிலீனை ஊற்றினால் அது ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கும். மூடி பொருந்தாது.

அச்சின் எஃகைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்குங்கள். பி-20 எஃகு சில லட்சம் வார்ப்பு வரை தாங்கும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் என்றால் அது சீக்கிரம் அரித்துவிடும், எச்-13 போலக் கடினப்படுத்திய எஃகு வேண்டும். எத்தனை வார்ப்புக்கு உத்தரவாதம் என்ற எண்ணிக்கையும், அச்சு உங்கள் சொத்து என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அச்சின் மேலேயே உங்கள் நிறுவனப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் இல்லை; பின்னால் தகராறு வந்தால் அந்தப் பொறிப்பு பேசும்.

பரிசோதனை: ஐந்துக்கு மூன்று

எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ், இன்டர்டெக் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்து அறிக்கை தரும். ஒரு ஆள் ஒரு நாள் வேலைக்குச் சில நூறு டாலர். உற்பத்தி முழுதும் முடிந்து, குறைந்தது எண்பது சதவீதம் பெட்டியில் அடைத்த பிறகுதான் இறுதிப் பரிசோதனை. அதற்கு முன்னால் ஆளை வரவழைத்தால் தொழிற்சாலை காட்டும் நல்ல பெட்டிகளைத்தான் அவர் பார்ப்பார்.

எல்லோரும் பின்பற்றுவது ஐ.எஸ்.ஓ. 2859-1 மாதிரியெடுப்பு அட்டவணை. நம் 5,000 விளக்குக்கு, பொது நிலை இரண்டில், 200 விளக்கை எடுக்க வேண்டும். பெரிய குறைக்கு ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 என்று வைத்தால் 10 பழுது வரை சரக்கு பாஸ், 11 என்றால் ஃபெயில். சிறு குறைக்கு 4.0 என்றால் 14-க்கு பாஸ், 15-க்கு ஃபெயில். மின்கசிவு போல உயிருக்கு ஆபத்தானது ஒன்று இருந்தாலே ஃபெயில்.

இந்த அட்டவணையை நம்புபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையில் நூற்றுக்கு ஐந்து விளக்கு பழுதாக உள்ள ஒரு சரக்கு, இதே 200 மாதிரிச் சோதனையில் பாதிக்கும் மேற்பட்ட முறை பாஸ் ஆகிவிடும். அதாவது 250 பழுதான விளக்குகள் பச்சை முத்திரையோடு கப்பல் ஏறும். மோசமான சரக்கை வடிகட்டத்தான் இந்தச் சோதனை. சுமாரான சரக்கு இதில் தப்பிவிடும். சுமாரைப் பிடிக்க வேண்டுமானால் உற்பத்தி இருபது சதவீதம் ஓடும்போதே இடையில் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்போது திருத்தலாம். இறுதியில் பார்த்தால் சண்டைதான் போடலாம்.

பெட்டிகளை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது முக்கியம். மொத்தப் பெட்டிகளின் வர்க்கமூலம் அளவுக்குப் பெட்டிகளைத் திறப்பது வழக்கம். பெட்டிக்கு 8 விளக்கு வீதம் 625 பெட்டி என்றால் 25 பெட்டி. பரிசோதகர் பெட்டி எண்களைத் தானே குறித்து, அடியிலும் பின்னாலும் இருப்பதை இறக்கச் சொல்ல வேண்டும். முன்னால் அடுக்கியதை எடுத்துக் கொடுத்தால் அறிக்கையில் ‘தொழிற்சாலை தேர்ந்தெடுத்தது’ என்று எழுதச் சொல்லி முன்கூட்டியே உத்தரவு கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முத்திரையிட்ட மாதிரி விளக்கு மூன்று வேண்டும்: ஒன்று உங்களிடம், ஒன்று தொழிற்சாலையில், ஒன்று பரிசோதகரிடம். தொழிற்சாலையில் இருப்பது சில சமயம் புதிதாக மாறியிருக்கும். அதற்குத்தான் மூன்றாவது.

பரிசோதகர் பார்க்க முடியாதது, வேலை உண்மையில் எங்கே நடந்தது என்பது. 2007-ல் மேட்டல் நிறுவனம் காரீயம் கலந்த பெயின்டால் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அதில் ஒரு கார் பொம்மைக்கு நடந்தது இது: ஒப்பந்தத் தொழிற்சாலை பெயின்ட் வேலையைத் துணை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது, அவர் அனுமதி பெறாத பெயின்டை அடித்தார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தபோது, தங்கள் ஆடைகள் அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டனவா என்று தெரியாமல் பல பிராண்டுகள் விழித்தன. துணை ஒப்பந்தத்துக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும் என்ற ஷரத்து மலிவானது. அதைச் சரிபார்க்க முன்னறிவிப்பின்றி ஆள் அனுப்புவதுதான் செலவு. அதைச் செய்யாத நிறுவனத்துக்குப் பின்னால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும் தகுதி இல்லை என்பது எங்கள் கருத்து.

கப்பலும் பெட்டியும்

இதற்கு மதிப்பெண் போடுவது கஷ்டம். ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ட்ரூரி நிறுவனத்தின் உலகக் கன்டெய்னர் குறியீட்டில் நாற்பது அடிப் பெட்டி ஒன்றின் கட்டணம் 2019-ல் சராசரியாக 1,500 டாலருக்கும் கீழே இருந்தது. 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு மார்ச்சில் 400 மீட்டர் நீள எவர் கிவன் சூயஸில் சிக்கி ஆறு நாள் கால்வாயை அடைத்தது. 2023 இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப்போக, ஆசியா ஐரோப்பா பயணத்தில் பத்து நாளுக்கு மேல் கூடியது. மேலே போட்ட கணக்கில் கப்பலுக்கு 0.80 என்றோமே, 2021-ல் அது இரண்டு டாலரைத் தாண்டியிருக்கும். மிச்சமான 1.23 அங்கேயே முடிந்தது.

உங்கள் கையில் இருப்பது பெட்டி அளவு. 50×40×40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி நாற்பது அடிக் கன்டெய்னரின் தரையில் 138 நிற்கும். உள்ளுயரம் ஏறத்தாழ 239 சென்டிமீட்டர் என்பதால் ஐந்து அடுக்கு, மொத்தம் 690. மேலே 39 சென்டிமீட்டர் காற்று. விளக்கின் அடித்தட்டைக் கொஞ்சம் ஒடுக்கி அட்டைப்பெட்டியின் உயரத்தை 38 ஆக்கினால் ஆறாவது அடுக்கு ஏறும். 828 பெட்டி. இரண்டு சென்டிமீட்டரில் கப்பல் செலவில் ஆறில் ஒரு பங்கு குறையும். வருடம் முழுக்கப் பேரம் பேசினாலும் தொழிற்சாலை இவ்வளவு குறைக்காது. அடியில் உள்ள பெட்டி ஐந்து பெட்டியின் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் அட்டையின் தரத்தையும் ஏற்றுங்கள். கடல் ஈரத்தில் அட்டை பலமிழக்கும். கன்டெய்னர் கூரையில் நீர் கோத்துச் சரக்கின் மேல் சொட்டுவது புதிதில்லை. உலர்த்தும் பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மரப்பலகை வைத்தால் அது 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரையோடு இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகைக்காக முழுக் கன்டெய்னரும் துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும்.

நேரம். முதல் ஆர்டர் கைக்கு வர ஐந்து ஆறு மாதம். மறு ஆர்டருக்கு மூன்று மாதம். சீனப் புத்தாண்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மாதத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். விடுமுறைக்குப் போன கைத்தேர்ந்த ஆட்களில் ஒரு பகுதி திரும்பி வரமாட்டார்கள், வரும் முதல் சரக்கைப் புதுக் கைகள் பூட்டியிருக்கும். நாளைக்கு எது விற்கும் என்று தெரியாத பொருளுக்கு இந்தக் காலம் தாங்காது. சாரா ஆடைக் கடைகளை நடத்தும் இன்டிடெக்ஸ், புது மோஸ்தர் ஆடைகளில் பெரும்பகுதியை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கியில் தைக்க வைப்பது இதனால்தான். கூலி கூட, ஆனால் விற்காத துணி குறைவு.

பணம், தாள், ஏஜென்ட்

முப்பது சதவீதம் முன்பணம், எழுபது சதவீதம் சரக்கு ஏறும் சமயம் என்பது வழக்கம். எழுபதைப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகே அனுப்புங்கள். அதற்குப் பிறகு உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இல்லை. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் பழைய எண்ணில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். நிறுவனப் பெயரில் இல்லாத தனிநபர் கணக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சீனாவில் என்றால் ஒப்பந்தம் சீன மொழியில், உரிமத்தில் உள்ள சீனப் பெயரில், சிவப்பு நிறுவன முத்திரையோடு, அங்குள்ள நீதிமன்ற வரம்பில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் வக்கீல் எழுதிய இருபது பக்கத்தை அங்கே அமல்படுத்துவது பெரும்பாடு. வணிகச் சின்னத்தை யார் முதலில் பதிகிறாரோ அவருக்கே என்பது அந்த நாட்டு முறை. மாதிரியை அனுப்புவதற்கு முன் பதியுங்கள்.

தொழிற்சாலையைத் தேடிப் பிடித்துத் தரும் சோர்சிங் ஏஜென்ட் வழக்கமாக ஐந்திலிருந்து பத்து சதவீதம் கேட்பார். வெளிப்படையாகக் கேட்பவர் பரவாயில்லை. கமிஷனே வேண்டாம் என்பவர் தொழிற்சாலையிடம் வாங்குகிறார். உங்களுக்காகப் பேரம் பேச அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. அவரைச் சோதிக்க எளிய வழி, தொழிற்சாலையின் பெயரும் விலாசமும் கேட்பது.

எதை அனுப்பக்கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் போயிங் 787. பாகங்களோடு வடிவமைப்புப் பொறுப்பையும் உலகெங்கும் உள்ள சப்ளையர்களிடம் பகிர்ந்தது. 2008 மே மாதம் தர வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. தாமதத்துக்கு அந்தப் பகிர்வு முக்கியக் காரணங்களில் ஒன்று. வார்ப்பதையும் பூட்டுவதையும் வெளியே கொடுக்கலாம். பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்ற அறிவை வெளியே கொடுத்தால், திரும்ப வாங்க விலை கிடையாது.

வெளியேறும் வழி: ஐந்துக்கு ஒன்று

விற்பனையாளர் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார். தொழிற்சாலையை மாற்ற முடிவெடுத்தால் அச்சைத் திரும்பப் பெற வேண்டும், அப்போதுதான் பழைய பாக்கி, பழுதுபார்த்த செலவு, பாதி மிஞ்சிய மூலப்பொருள் என்று புதிய பில்கள் முளைக்கும். அதனால் அடுத்த ஆர்டரின் பணம் கையில் இருக்கும்போதே அச்சை வெளியே எடுங்கள். கடைசிப் பணத்தைக் கட்டிவிட்டுக் கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று மாதத்துக்கான சரக்கை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு பிறகு பேச்சை எடுப்பது நல்லது.

அச்சு மட்டும் வந்தால் போதாது. திருத்தங்கள் சேர்த்த கடைசி வரைபடம், மாற்று ஊசிகள், அச்சுக்குள் பிளாஸ்டிக்கை உருகிய நிலையிலேயே வைக்கச் சூடேற்றும் ஹாட் ரன்னர் இருந்தால் அதன் இணைப்பு விவரம், எந்த அழுத்தம் எந்த வெப்பத்தில் வார்த்தார்கள் என்ற தாள் எல்லாம் வேண்டும். புதிய தொழிற்சாலையின் இயந்திரத் தூண்களுக்கு நடுவில் அச்சு நுழையுமா என்று அளவு கேட்டு உறுதிப்படுத்துங்கள். பெட்டியில் போடும் முன் குளிர்நீர்க் குழாய்களில் காற்றடித்து நீரை வெளியேற்றி, துரு எண்ணெய் பூசச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் கடலில் வந்த அச்சின் பளபளப்புப் பரப்பில் துருப்புள்ளி விழுந்தால் மறுபடி மெருகேற்ற வேண்டிவரும். அச்சில் கடைசியாக வார்த்த பாகங்களில் ஐந்தை அதே பெட்டியில் போடச் சொல்லுங்கள். புதிய இடத்தில் வரும் பாகத்தில் குறை இருந்தால், அது பயணத்தில் வந்ததா முன்பே இருந்ததா என்று சொல்ல அந்த ஐந்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.